முப்பத்தேழும் நாற்பத்திரண்டும்

இரண்டு பேருக்கும் நான் சொந்தமில்லை,
அதனால்தான் ஸ்டொப்வொச் என் கையில்.
பள்ளிக்கூடத்துச் சாமான்,
நூறு மீற்றர்ப் பிள்ளைகளுக்காக வாங்கியது.
இன்று சனி. காலை ஆறரை.
பிரெட்ரிக் கோட்டை வாசல் வளைவுக்குள்
இரண்டு கார்கள் இருமிக்கொண்டு நிற்கின்றன.

ரஜீனாவின் மொரிஸ் மைனர், ஐம்பத்தெட்டாம் ஆண்டு.
தொளாயிரத்து நாற்பத்தெட்டு சீசீ, முப்பத்தேழு குதிரை.
கியர்த் தடி தரையிலிருந்து முளைத்து
முழங்காலோடு கதைக்கும்.
ஸ்டியரிங்குக்கு ஒரு விரலால் சொன்னால் போதும்.
நம்பர்ப் பலகையில்
அந்த ஒற்றைச் சிங்கள எழுத்தின் ஓரம்
அந்த வருசமே யாரோ பூசிய தார்,
மண்ணெண்ணெய்க்கும் போகாத கறுப்பு.
வாங்கும்போதே இருந்தது என்கிறாள்.
சுரண்டவுமில்லை, மறைக்கவுமில்லை.

ஜெபநேசனின் ஒஸ்டின் ஏ-நாற்பது, ஐம்பத்து மூன்று.
ஆயிரத்து இருநூறு சீசீ, நாற்பத்திரண்டு குதிரை.
கியர், ஸ்டியரிங்கின் கழுத்தில்.
முன்னுக்கு ஒரே நீள வாங்கு:
மூன்று பேர் தாராளமாக இருக்கலாம்.
தொண்ணூறாம் ஆண்டு ஓர் இரவு
நிலாவெளியிலிருந்து பதினொரு பேர் இருந்தார்கள்.
எல்லாவற்றுக்கும் குறுக்கே பேசும் ரஜீனா
அந்த இடத்தில் மட்டும் பேசுவதில்லை.

மூன்று மாதமாய் இதே சண்டை,
வங்கி வரிசையில், மீன் சந்தையில்.
"உன்ரது தையல் மெசின்."
"உங்கட சோத்துப் பானையை விடவா?"

பாரம் பார்த்தோம்.
மொரிஸ் பதினைந்து அந்தர், ஒஸ்டின் பத்தொன்பது.
அந்தருக்கு எத்தனை குதிரை என்று
மருந்துக்கடைத் துண்டின் பின்பக்கம் பிரித்துப் பார்த்தேன்.
மெலிந்ததன் பக்கம் கால் குதிரை கூட.
"துண்டில ஏறும்" என்றார் ஜெபநேசன்,
"மலையில?"

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருசம்
இரண்டுக்கும் ஒரே இருபது லீற்றர்தான்.
மொரிஸ் அதில் கொழும்பைத் தொட்டது.
ஒஸ்டின் குருநாகல் தாண்டி
ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றுவிட்டது.
அந்தக் கடைக்காரனோடு
இன்றைக்கும் போனில் சிரித்துக் கதைக்கிறார் மனுசன்.
அதை எந்த நிரலில் எழுத?

சரி, மலை.
கோணேசர் கோயிலடி வரைக்கும் ஏற்றம்.
கைலேஞ்சியைக் கீழே விட்டேன்.

மொரிஸ் துள்ளிப் பாய்ந்தது,
பின்னால் தன் பட்பட் பொரியலைக் கொட்டிக்கொண்டு.
ஒஸ்டின் அவசரப்படவில்லை.
அடிவயிற்றிலிருந்து ஓர் இழுவை,
இரண்டாம் வளைவில் மூக்குக்கு மூக்கு.
நான் பின்னால், நவாஸ்தீனின் ஓட்டோவில்.
"முந்தட்டா, ரீச்சர்?"
"பொறு."

அப்போது மான்.
புள்ளிமான். வாயில்
யாரோ வீசிய சோற்றுப் பார்சல் தாள்.
நடுறோட்டில்.

எழுபத்தொன்பது குதிரைகள்
ஒரு மானுக்கு முன்னால்.

மொரிஸ் இடப்பக்கம் இழுத்து நின்றது: நாலடி மிச்சம்.
ஒஸ்டின் இரண்டு தரம் மிதிக்கவைத்து நின்றது: ஒன்றரை.
மான் இரண்டையும் பார்த்தது,
தாளை மென்றது,
பின்னும் மென்றது.
கீழே கடல் பாறையில் மோதி
மறுபடி மறுபடி பின்வாங்கிக்கொண்டிருந்தது.

ஒஸ்டினும் பின்வாங்கத் தொடங்கியது.
ஹாண்ட்பிறேக் பிடிக்கவில்லை.
ஒரு சாண். ஒரு முழம்.
"அல்லாஹ்!" என்று ரஜீனா
மொரிஸை அப்படியே கியரில் விட்டுக் குதித்தாள்,
ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிவந்து
ஒஸ்டினின் பின்சில்லுக்கு அண்டக் கொடுத்தாள்.
பிறகு என்னிடம் வந்து, மூச்சு வாங்க,
"எழுதுங்க ரீச்சர்.
ஹாண்ட்பிறேக்: மொரிஸ், பிடிக்கும்.
ஒஸ்டின், கல்."

எழுதினேன்.
ஜெபநேசன் மறுக்கவில்லை. வாங்கின் மறுகரைக்கு நகர்ந்து
அவளுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

முதலில் மேலே போனது நவாஸ்தீன்.
இருநூறு சீசீகூட இல்லை.
மானைச் சுற்றிக்கொண்டு போய்
தேங்காய்க் கடையடியில் இறங்கி
எங்களுக்குக் கைகாட்டினான்.

திங்கள் காலை, மைதானத்தில்,
பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன் ஸ்டொப்வொச்சை.
நிறுத்த மறந்திருக்கிறேன்.
நாற்பத்தெட்டு மணித்தியாலமும் சில்லறையும்,
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
"ரீச்சர்" என்றாள் ஒருத்தி, கண்ணை விரித்து,
"இது ஆர் ஓடின நேரம்?"